திண்டுக்கல் சீமையில் வேட்டைக் கல்வி

வேட்டையைப் பற்றி இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் எழுதுவது பொருத்தமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கொல்லாமையைத் தலையாய அறமாக வைத்த மொழியில் அக்கேள்வி எழுவது இயல்பே. நான் எழுத எண்ணியது விலங்கு வீழ்ந்த கதையன்று. அது வீழ்வதற்கு முன்னால், ஏன், வீழாமலே தப்பிப் போன நாள்களிலும்கூட, மனிதன் தன் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு பழக்கி வைத்திருந்தான் என்பதே என் பொருள். அந்தப் பழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. நம் ஊரைச் சுற்றியே அதன் தடங்கள் கிடக்கின்றன.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேலேறி நின்று பார்ப்போர்க்கு இந்தச் சீமையின் அமைப்பு தெளிவாக விளங்கும். தென்கிழக்கில் சிறுமலை. கிழக்கே நத்தம் பக்கம் கரந்தமலை. வடகிழக்கே அய்யலூருக்கு அப்பால் கடவூர்க் குன்றுகள். மேற்கே பழனிமலைத் தொடர். இடையில் செம்மண் சமவெளி. சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளையும் மானாவாரிக் காடுகள், அவற்றின் ஓரமெங்கும் உடையும் கள்ளியும் சூரையும் மண்டிய புதர்கள். மலையும் வயலும் இவ்வளவு நெருங்கிய இடத்தில், பன்றி இறங்கி வராத இரவும், முயல் கடிக்காத பயிரும் இருந்திருக்க இயலாது. உழவனே வேட்டுவனாகவும் இருந்த நிலம் இது. வேட்டை இங்கே அரசர்களின் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை.

சங்கப் புலவர்கள் வேட்டையைப் பாடும்போது கருவியைவிடக் கருவி பிடித்தவனின் அறிவையே மிகுதியாகக் காட்டுகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் வரும் எயினர், நீருண்ண வரும் பன்றிக்காக நீர்நிலையருகே குழி தோண்டி, அதில் மறைந்து நள்ளிரவில் காத்திருக்கின்றனர். அது வாராத பொழுதில் நாய்களோடு சென்று வேலியில் வலை மாட்டி முயலை வளைக்கின்றனர். நற்றிணையில் ஒரு கானவன் தினை தின்னும் பன்றிக்கென்று பெருங்கல்லைப் பொறியாக நிறுத்துகிறான். அதில் வந்து வீழ்வது புலி. அந்தக் கற்பொறிக்கு ‘அடார்’ என்று பெயர். வேட்டுவன் பழக்கிக் கட்டி வைக்கும் மானுக்குப் ‘பார்வை’ என்று பெயர். அதைக் கண்டு காட்டுமான் நெருங்கி வரும். பார்வை என்னும் சொல்லை நாள்தோறும் கவிதையில் வைக்கின்ற நம்மில் எத்தனை பேருக்கு, அது ஒரு காலத்தில் கயிற்றில் கட்டிய மானைக் குறித்தது என்பது நினைவிருக்கிறது?

பயிற்சி என்னும் நோக்கில் தமிழில் மிகச் சிறந்த பகுதி சங்க நூல்களில் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், கண்ணப்ப நாயனார் புராணத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பக்தியின் உச்சமாக அப்புராணத்தை வாசித்துப் பழகிய நாம் அதன் முற்பகுதியை விரைந்து கடந்துவிடுகிறோம். திண்ணன் என்னும் சிறுவன் உரிய வயதை எட்டியதும் தந்தை நாகன் நல்ல நாள் பார்த்து, சுற்றத்தாரை அழைத்து, வில்லுக்கு விழா எடுத்து, அதன் பின்னரே மகனின் கையில் வில்லைக் கொடுக்கிறான். அதன் பிறகு நாள்தோறும் பயிற்சி. தந்தை மூப்படைந்து, குடியின் பொறுப்பு மகனிடம் வந்த பின்னரே முதல் வேட்டை. அதற்குக் கன்னிவேட்டை என்று பெயர். தேவராட்டி வந்து வாழ்த்துகிறாள். இவ்வளவு ஆயத்தத்திற்குப் பிறகே காட்டுக்குள் ஓர் அம்பு பாய்கிறது.

அந்த வேட்டை வருணனையின் நடுவே சேக்கிழார் ஒன்றைச் சொல்கிறார். அந்த வேடர்கள் யானைக் கன்றுகளைப் பின்தொடர மாட்டார்கள். துள்ளியோடும் சிறு குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள். கருவுற்று நடை தளர்ந்த பிணையை அலைக்க மாட்டார்கள். பறை முழங்க, நாய் பாய, வலை விரிய, இரத்தம் சூடேறிய பொழுதில் நிற்கும் கட்டுப்பாடு இது. ஓடுகின்ற காலை நிறுத்துவதும், இழுத்த நாணைத் தளர்த்துவதும் வில்வித்தையிலேயே கடினமான பாடம். உடற்பயிற்சி எங்கே முடிந்து உளப்பயிற்சி எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான எல்லைக்கல்லை நான் எங்கும் கண்டதில்லை.

இதை ஏட்டில் படிப்பதற்குமுன் நான் வேறோரிடத்தில் கற்றிருந்தேன். என் தாய்வழித் தாத்தா நத்தம் பக்கத்து மானாவாரி உழவர். 1960-களில் பள்ளி விடுமுறைக்குச் சென்றால் மாலையில் என்னைக் கரட்டோரப் பாறை ஒன்றில் உட்கார வைப்பார். இருட்டும் வரை அசையக்கூடாது, இருமக்கூடாது, கொசு கடித்தால் கையை ஓங்கக்கூடாது. முதல் மூன்று நாள் நான் பார்த்தது ஒன்றுமில்லை. நான்காம் நாள் ஒரு முயல் பத்தடி தொலைவில் வந்து புல்லைக் கடித்தது. நான் எழ முற்பட, அவர் என் தோளை அழுத்தினார். அது போன பிறகு, “அதுக்கு நீ கல்லுன்னு தோணுச்சுல்ல? இன்னிக்கு அது போதும் கண்ணு” என்றார். வேட்டைக்குப் போகும் நாளில் வயிறு நிறைய உண்ண மாட்டார். கம்பங்கூழ் ஒரு செம்பு. செருப்பு கிடையாது. குதிகால் படாமல், பாதத்தின் வெளி விளிம்பை முதலில் ஊன்றி நடக்கக் கற்றுத் தந்தார். காற்று எந்தப் பக்கம் என்பதை ஒரு பிடி புழுதியை உதிர்த்துப் பார்ப்பார். நாய் விரட்டும்போது நானும் பின்னால் ஓடினால் கோபம் வந்துவிடும். “ஓடுறது நாயோட வேலை. அது எந்தப் பக்கம் திரும்பும்னு பாக்குறதுதான் உன் வேலை” என்பார். அவரிடம் வளைந்த கட்டைத் தடி ஒன்று இருந்தது. முழங்கால் உயரத்திற்கு மேல் எழாமல் அது தரையோடு தரையாகச் சுழன்று செல்லும். அதை எறியப் பழக எனக்கு இரண்டு விடுமுறைகள் போதவில்லை.

அந்தத் தடியின் உறவினரைப் பின்னர் வரலாற்று நூல்களில் சந்தித்தேன். வளரி, வளைதடி என்றெல்லாம் அழைக்கப்படும் அக்கருவியைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள நேரடிச் சான்றுகளுள் முதன்மையானது, கம்பெனிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் என்பவர் 1830-இல் இலண்டனில் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள். 1795 அளவில் மதுரைச் சீமையில் இருந்த இளம் அதிகாரியான தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுவே என்று அவர் எழுதுகிறார். தேர்ந்த கையில் அது நூறு கெஜத்திற்குள் குறி தவறாது என்றும் சொல்கிறார். எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் என்று நம் மேடைகளில் முழங்குவோர் இக்குறிப்பைப் படித்தால் நல்லது. திரும்பி வரும் அதிசயம் எதையும் வெல்ஷ் கூறவில்லை.

பெரிய மருதுவைப் பற்றி அவர் எழுதியிருப்பது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஆட்சிப் பொறுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பெரியவர் தம் பொழுதெல்லாம் வேட்டையிலேயே செலவிட்டார். பேருருவினர், ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். ஐரோப்பிய விருந்தினரை வேட்டைக்கு அழைத்துச் செல்லும்போது அவர்களைச் சுற்றி ஈட்டிக்காரர்களை நிறுத்திவிட்டு, புலி எழுந்தால் முதலில் எதிர்கொள்பவர் அவரே. சிறு விலங்குகளை மட்டும் விருந்தினர் சுடட்டுமென்று விட்டுவிடுவார். இந்த நயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

சிரிப்பு நெடுநேரம் நிலைப்பதில்லை. 1801-இல் அதே வெல்ஷ் அதே மருதிருவரைத் துரத்திய படையில் இருந்தார். தமக்கு ஈட்டி பிடிக்கக் கற்றுத் தந்தவரையே காட்டு விலங்கைப் போலத் துரத்த நேர்ந்ததையும், அவர் தொடையெலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும், பின்னர் தூக்கில் தொங்கியதையும் கண்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட நாள் 1801 அக்டோபர் 24. கற்றுக்கொண்ட மாணவன் ஆசிரியனையே வேட்டையாடிய கதை இது. நம்மில் யாரேனும் இதைக் காவியமாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

சிவகங்கைச் செய்தி திண்டுக்கல்லுக்கு அந்நியமானதன்று. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் வழியில், மலையடியில் இருக்கும் விருப்பாச்சியின் பாளையக்காரர் கோபால் நாயக்கர் திரட்டிய அணியே வரலாற்றறிஞர் கே. ராஜய்யன் விரிவாக எழுதிய திண்டுக்கல் கூட்டணி. அதற்கும் மருதிருவருக்கும் தொடர்பு இருந்தது. நாடிழந்த வேலுநாச்சியார் முன்னர் தங்கியிருந்ததும் விருப்பாச்சியில்தான். பாளையங்களில் நிலையான பெரும்படை இருந்ததில்லை. அறுவடை முடிந்தபின் உழவனும் காவற்காரனும் ஈட்டியோடு வந்து நிற்பதே படை. அப்படி வந்தவனுக்கு இருட்டில் நடக்கவும், பசி தாங்கவும், ஓசையின்றிச் சூழவும், எழுகின்ற விலங்கின் முன் நிலைகுலையாது நிற்கவும் எந்தப் பயிற்சிக் களம் கற்பித்தது? ஆண்டுதோறும் ஊர் கூடிச் சென்ற வேட்டையே கற்பித்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்து ஐரோப்பிய முறையில் படை பழக்கிய ஐதர் அலிக்கும் இந்தப் பாளையங்களை அடக்குவது எளிதாக இருக்கவில்லை.

கோபால் நாயக்கர் 1801 செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். இன்று நகருக்குள் இருக்கும் கோபாலசமுத்திரக் குளத்தின் பெயரை அந்நிகழ்ச்சியோடு இணைத்துச் சொல்வது ஊர் வழக்கு. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், ராபர்ட் கிளைவின் மகனும் சென்னை ஆளுநருமான எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். துப்பாக்கி, ஈட்டி முதலிய படைக்கலன்களைப் பாளையத்தார் வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பாளையக்காரனை அழிப்பதோடு நில்லாமல், பாளையக்காரனை உருவாக்கிய கல்வியையும் அழிக்க வேண்டும் என்பதை வெள்ளையர் நன்கறிந்திருந்தனர். வளரிகள் அருங்காட்சியகப் பொருள்களாயின. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகளும், புதுக்கோட்டையிலிருந்து வந்த மர வளரிகளும் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் குறித்திருக்கிறார். ஆனால் முயலுக்கு எறியும் கட்டைத்தடி யாருடைய அறிவிப்பிலும் சிக்காமல் கூரை எரவாணத்தில் செருகியபடி பிழைத்திருந்தது.

பாளையத்தின் நிழல் படாத வேறொரு வேட்டைக் கல்வியும் இந்த மலைகளில் உண்டு. பழனிமலைச் சரிவுகளில் கிழங்ககழ்ந்தும் தேனெடுத்தும் வாழ்ந்த பளியரைப் பற்றி ஏசு சபைக் குரு டாமன் 1908-லேயே எழுதினார். மதுரைப் பக்கத்து மலைகளில் பளியரோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலார் பீட்டர் கார்ட்னர் 1966-இல் வெளியிட்ட கட்டுரை என்னைப் பெரிதும் வியக்க வைத்தது. அவர்களிடம் ஒருவர் ஒருவரை ஏவுவதில்லை, பெரியவரும் சிறுவரை அதட்டுவதில்லை, போட்டியும் இல்லை. எனவே நாம் அறிந்த பொருளில் ஆசானும் இல்லை, பாடமும் இல்லை. ஒவ்வொருவரும் தாம் தாமே கண்டு அறிந்ததையே அறிவாகக் கொள்கின்றனர். செடிகொடிகளுக்குப் பெயரிடுவதிற்கூட ஒருவருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு இருந்ததாம். வில்லுக்கு விழா எடுத்த நாகனின் முறைக்கு நேர் எதிரான முறை. இரண்டும் பலனளித்தன. கவிஞர்கள் தங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம்.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அது சரியான முடிவு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. துப்பாக்கியும் மின்கை விளக்கும் வந்தபின் பத்தடி தொலைவில் கல்லாக உட்கார வேண்டிய தேவை போயிற்று. தேவை போனதும் சேக்கிழார் சொன்ன கட்டுப்பாடும் போயிற்று. இன்றும் மகா சிவராத்திரியை ஒட்டி முயல்வேட்டைக்குக் கிளம்புவோரை வனத்துறையினர் பிடித்து அபராதம் விதிப்பதை நாளிதழ்களில் பார்க்கிறோம். அய்யலூர்க் காடுகளில் இரவில் மெல்ல நகரும் தேவாங்குக்காக, திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் நிலப்பரப்பைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாக 2022-இல் அரசு அறிவித்தது. அந்தக் காட்டில் இன்று தேவாங்கைக் கணக்கெடுக்கச் செல்வோர் இரவெல்லாம் ஓசையின்றி நடக்கின்றனர். அதன் கண்ணொளிக்காகக் காத்திருக்கின்றனர். என் தாத்தா இருந்தால் அவர்கள் நடையில் இரண்டொரு குறை கண்டிருப்பார்.

எனக்குள்ள குறையெல்லாம் வேறு. விலங்குகளைச் சட்டம் காத்தது. சொற்களைக் காக்க யாரும் முன்வரவில்லை. காலடிக்கும் குளம்படிக்கும், புதிய சுவட்டிற்கும் பழைய சுவட்டிற்கும், முயல் படுத்த இடத்திற்கும் அது மேய்ந்த இடத்திற்கும் என் தாத்தா தனித்தனிச் சொல் வைத்திருந்தார். நான் எழுதி வைக்கவில்லை. நினைவிலிருக்கும் சிலவற்றைச் சரிபார்க்க அந்த ஊரில் இன்று ஆளில்லை. நம் புதுக்கவிதைகளிலோ வேட்டை என்றால் கொடுமை, வேடன் என்றால் வஞ்சகன், வலை என்றால் சூழ்ச்சி. பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் வாசிக்கப்பட்ட கவிதைகளில் இந்த உருவகம் எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை. என்னுடையனவும் அவற்றுள் உண்டு.

விசயதசமி நாளில் பழனி மலைக்கோயிலிலிருந்து பராசக்தி வேல் கோதைமங்கலத்துக்கு எழுந்தருள்கிறது. அங்கே வன்னிகாசுரனாக நிற்கும் வாழைமரத்தில் அம்பு எய்கிறார்கள். சென்ற முறை அதைக் காணப் போனபோது என் பேரனையும் அழைத்துச் சென்றிருந்தேன். அம்பு எப்போது எய்யப்பட்டது என்பதை அவன் கவனிக்கவில்லை. கூட்டத்தில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான். தாத்தாவின் வளைதடி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதன் நுனியில் கயிற்றால் ஒரு கம்பைக் கட்டி, பின்கட்டில் முருங்கைக்காய் பறிக்கிறார்கள்.