மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம்: அரசிடமிருந்து விலகி நிற்றல்

1967இல் உருவான ஊழல் தடுப்பு நிறுவனத்தின் இடத்தில் 2009 ஜனவரி 1 அன்று மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் (எஸ்.பி.ஆர்.எம்.) வந்தது. ஆணையத் தலைவரை நியமிப்பவர் மாமன்னர். ஆலோசனை கூறுபவர் பிரதமர். ஆளுங்கட்சியினரையும் விசாரிக்க வேண்டிய அமைப்புக்கு இதுவே முதல் பலவீனம்.

அதே ஆண்டு ஜூலையில், எதிர்க்கட்சிக் கூட்டணி ஆண்ட சிலாங்கூரில், ஸ்ரீ கெம்பாங்கான் சட்டமன்ற உறுப்பினர் இயான் யோங் ஹியான் வாவின் உதவியாளர் தியோ பெங் ஹோக் இந்த ஆணையத்தால் சாட்சியாக அழைக்கப்பட்டார். ஷா ஆலம் பிளாசா மசாலாமின் 14ஆம் மாடியிலுள்ள ஆணைய அலுவலகத்தில் இரவு முழுவதும் இருந்த அவர், ஜூலை 16 அன்று 5ஆம் மாடியில் இறந்து கிடந்தார். வயது 30. மரண விசாரணை 2011இல் திறந்த தீர்ப்புடன் முடிந்தது. அரச விசாரணை ஆணையம், கடுமையான விசாரணை அவரைத் தற்கொலைக்குத் தள்ளியதென்றது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அடையாளம் தெரியாதோரின் சட்டவிரோதச் செயல்கள் மரணத்தை விளைவித்தன அல்லது விரைவுபடுத்தின என்றும், அவர்களில் ஊழல் தடுப்பு ஆணைய அதிகாரிகளும் அடங்குவர் என்றும் தீர்ப்பளித்தது. குடும்பம் கேட்ட பதில் அதிலும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

விசாரிப்பது ஊழல் தடுப்பு ஆணையம், வழக்குத் தொடர்வதற்கோ அரசுத் தரப்பு வழக்கறிஞரின் இசைவு வேண்டும். சட்டத்துறைத் தலைவரே அப்பொறுப்பையும் வகிக்கிறார். அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் ஊழல் விவகாரம் வெடித்த 2015 ஜூலையில் அப்துல் கனி பட்டாயில் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2016 ஜனவரியில், அடுத்து வந்த அபாண்டி அலி, பிரதமர் நஜிப் மீது குற்றமில்லை என்று அறிவித்தார். நஜிப் மீது வழக்குப் பதிவானது 2018இல், ஆட்சி மாறிய பிறகுதான்.