நாடிழந்தவர்களின் குதிரைப்படை

பிரான்சின் வெளிநாட்டவர் படையான லெஜியன் எண்டதும் எங்களில பலருக்கு வெள்ளைத் தொப்பியோட பாலைவனத்தில நடக்கிற காலாட்படைதான் ஞாபகம் வரும். சினிமா செய்த வேலை. அதே லெஜியனுக்குள் ஒரு குதிரைப்படையும் இருந்தது. இப்போது மார்செய்க்கு அருகே கவச வாகனங்களோடு இருக்கிற முதலாவது வெளிநாட்டுக் குதிரைப்படை றெஜிமென்ட், 1921இல் துனிசியாவின் சூஸ் நகரில் தொடங்கப்பட்டது.

அதற்கு ஆள் கிடைத்த கதை கிரிமியாவில் தொடங்குகிறது. 1920 நவம்பரில் செம்படையிடம் தோற்ற ஜெனரல் விராங்கல், தன் வெள்ளைப்படையையும் பொதுமக்களையும் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 1,50,000 பேர். திரும்பிப்போக நாடில்லை, கையில் காசில்லை. தெரிந்த தொழில் குதிரையும் வாளும். சார் மன்னரின் அதிகாரிகளாக இருந்தவர்கள்கூட லெஜியனில் சாதாரண சிப்பாய்களாகச் சேர்ந்தார்கள்.

இதுவரைக்கும் நாங்கள் அவர்கள் பக்கம்தான். 1925இல்தான் சிக்கல் வருகிறது.

அப்போது சிரியாவும் லெபனானும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ். சுல்தான் அல்-அத்ராஷ் தலைமையில் துரூஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடக்கப் போன படைகளில் இந்த றெஜிமென்டின் 4ஆவது ஸ்குவாட்ரனும் ஒன்று. செப்டெம்பர் 17, முசெய்ஃபிரா கிராமத்தில் விடியமுன்னமே துரூஸ் போராளிகள் பாய்ந்தார்கள். லெஜியன் தாக்குப்பிடித்தது, ஆனால் குதிரைகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. நவம்பரில் ரஷாயாக் கோட்டைக்குள் அதே ஸ்குவாட்ரன் முற்றுகைக்குள் மாட்டியது. மதில் ஏறி வந்தவர்களோடு கைகலப்பு. தோட்டாக்கள் தீரப்போகிற நேரத்தில் துணைப்படை வந்து சேர்ந்தது.

றெஜிமென்ட் இந்த இரண்டையும் பெருமையோடு நினைவுகூர்கிறது. வீரம்தான், நாங்கள் மறுக்கேல்லை. ஆனா ஆருக்கு எதிரான வீரம்? நாடிழந்தவனைக் கொண்டு நாடு கேட்டவனை அடிப்பது பேரரசுக்கு மலிவு. அந்த ரஷ்யன் செத்தால் பாரிசில் ஒரு தாயும் அழப்போவதில்லை, அரசாங்கத்திடம் கணக்குக் கேட்க ஒரு ஊரும் இல்லை. (ரஷாயாவை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில வைக்கலாம். 1943 நவம்பரில் லெபனானின் ஜனாதிபதியையும் பிரதமரையும் பிரெஞ்சுக்காரர் அடைத்துவைத்தது இதே கோட்டையில்தான். அவர்கள் விடுவிக்கப்பட்ட நவம்பர் 22தான் அந்த நாட்டின் சுதந்திர தினம்.)

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு றெஜிமென்ட் இந்தோசீனாவுக்குப் போனது. வியட்நாமின் சதுப்பு நிலத்தில் குதிரை சரிவராது. அதனால் 'நண்டு' என்று அழைக்கப்பட்ட, நீரிலும் சேற்றிலும் ஓடுகிற வண்டிகளில் வியட் மின் போராளிகளைத் தேடி அலைந்தார்கள். அந்தக் காலத்து லெஜியனில் நிறையப்பேர் ஜெர்மனியர், அப்போதுதான் போரில் தோற்றிருந்தவர்கள்.