பெட்டைக்குட்டி யாருக்கும் வேண்டாம்

எங்க ஊர் கோத்தகிரிப் பக்கம். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட், ரெண்டு மாடு. இங்கே யாராவது நாய்க்குட்டி கொண்டுவந்தால் தூக்கிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "கடுவனா, பெட்டையா?" பெட்டை என்றால், "வேண்டாம்ப்பா, வருஷத்துக்கு ரெண்டு தரம் தொல்லை" என்று கீழே விட்டுவிடுவார்கள்.

நான் வளர்த்தது பெட்டை. பேர் செவலை. எட்டாவது மாசம் முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்தாள். திண்ணையில் ரத்தச் சொட்டு பார்த்ததும் மாட்டுக் கொட்டகையில் கட்டிவைத்தேன். ஒன்பது நாளில் ரத்தம் நின்றது. "சரி, முடிஞ்சுது" என்று பத்தாம் நாள் அவிழ்த்துவிட்டேன். ரெண்டு மாசம் கழித்து ஆறு குட்டி. அதில் நாலு பெட்டை.

கடுவன் ரெண்டையும் ஆள் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. பெட்டைகளை யாரும் கேட்கவில்லை. எங்கப்பா காலத்து வழக்கப்படி நாலையும் சாக்கில் போட்டு, டீ பேக்டரி வளைவில் விட்டுட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரலை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் ரெண்டுதான் இருந்துச்சு. ஈர மண்ணில் சிறுத்தையின் கால்தடம். மிச்சம் ரெண்டையும் மடியில் கட்டித் தூக்கிட்டு வந்தேன்.

தப்பு எங்கே நடந்தது என்று கால்நடை டாக்டரிடம் கேட்டபோதுதான் புரிந்தது. மாட்டின் பருவம் எனக்கு மணிக்கணக்கில் தெரியும். 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. மாடு கத்தும், கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும், உடனே சினை ஊசிக்கு ஆள் கூப்பிடுவோம். மாட்டுக்கு ரத்தம் தெரிந்தால் பருவம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பெண்களுக்கும் மாதவிலக்கு என்றால் அந்த மாசம் கரு தங்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கணக்கையே நான் நாய்க்கும் போட்டுவிட்டேன்.

நாய்க்கு அது நேர் தலைகீழ். ரத்தம் வருவது முன்னறிவிப்பு. சுமார் ஒன்பது நாள் கடுவன்கள் சுற்றிச்சுற்றி வரும், பெட்டை கிட்டே விடாது, உறுமித் துரத்தும். ரத்தம் வெளுத்துக் குறையும்போதுதான் அது வாலை ஒதுக்கி நிற்கத் தொடங்கும். கரு தங்குகிற நாள்கள் அவைதான். அது இன்னும் ஒன்பது நாள் ஓடும். நான் அவிழ்த்துவிட்டது சரியாக அந்த நாளில்! போதாக்குறைக்கு, ஒரே ஈற்றில் வெவ்வேறு கடுவன்களின் குட்டிகள் பிறக்கலாமாம். செவலையின் குட்டிகள் ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி என்று இருந்த ரகசியம் அன்றைக்குத்தான் வெளிப்பட்டது.

இதெல்லாம் புதுசாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி விலங்குகளின் பருவத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இன்றைக்கும் டாக்டர்கள் சொல்கிற பெயர்களை வைத்தது 1900-ல். அதற்கும் முன்பிருந்தே நம்ம ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்களை வைத்து, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரையேறி நரி வேட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த இனத்துக்கு இங்கிலாந்தில் வம்சாவளிப் புத்தகமே அச்சிட்டார்கள். எந்தப் பெட்டையை எந்தக் கடுவனோடு எப்போது சேர்ப்பது என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஊர் நாயின் பருவத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அது கடித்தபோதுதான் கவலை வந்தது.

1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனார். அப்போது இந்தியாவில் சிகிச்சை என்றால் இமயமலை அடிவாரப் பக்கம் உள்ள கசௌலிக்குப் போக வேண்டும். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கி, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் திறந்தார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று எங்க பாட்டி பயமுறுத்துவாங்களே, அந்தக் காலத்துச் சிகிச்சைதான்.

கடிபட்டவருக்கு ஊசி வந்தது. நாய்க்கு வந்தது விஷ உருண்டையும் சுருக்குக் கம்பியும். நகரங்களில் பிடித்துக் கொன்றார்கள், எங்களைப் போன்றவர்கள் சாக்கில் கட்டி வளைவில் விட்டோம். ஆனாலும் நாய் குறையவில்லை. காரணம் செவலையின் கணக்கிலேயே இருக்கிறது. சினை 63 நாள்தான். ஆறேழு மாசத்துக்கு ஒரு பருவம். பத்து நாயைக் கொன்றாலும், தப்பிய ஒரு பெட்டைக்கு மிச்சச் சோறு முழுக்கக் கிடைக்கும், குட்டிகள் அதிகம் பிழைக்கும். கடுவன் ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் ஊர்ப் பெட்டைகளுக்கெல்லாம் அது போதும்.

இதைப் புரிந்துகொண்டு சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு பல வருஷம் வாதாடியது. 1996-ல் மாநகராட்சி கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறத் தொடங்கியது. 2001-ல் நாடு முழுவதற்கும் விதிமுறை வந்தது: பிடி, ஆபரேஷன் செய், வெறிநோய் ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. எங்க மலையிலும் வேர்ல்ட்வைட் வெட்டரினரி சர்வீஸ் என்ற அமைப்பு பயிற்சி மையம் தொடங்கி, வெளியூர், வெளிநாட்டு டாக்டர்களுக்கெல்லாம் இந்த ஆபரேஷனைக் கற்றுக்கொடுக்கிறது. காதில் சின்னதாக வெட்டு இருக்கும் தெருநாயை ஊட்டிக்கு வரும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆபரேஷன் ஆன அடையாளம் அது.

நீங்கள் பட்டணத்தில் பெட்டை நாய் வளர்த்தால் முதல் சொட்டு பார்த்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து மூன்று வாரம் முழுசாகக் காவல் வேண்டும், ரத்தம் நின்றபின் இன்னும் கூடுதலாக. குட்டி வேண்டாம் என்றால் ஆபரேஷன்தான் வழி. பருவம் முடிந்து ரெண்டு மூணு மாசம் கழித்துச் செய்வது நல்லது என்று எனக்குச் சொன்னார்கள். வயசான பெட்டைகளுக்குக் கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும் நோயும் அதோடு தடுக்கப்படும்.

செவலைக்கும் அவள் மகள்கள் ரெண்டு பேருக்கும் ஆபரேஷன் முடிஞ்சாச்சு. மூணும் இப்போ கொட்டகை வாசலில் வெயில் காயுது. பேக்டரி வளைவைத் தாண்டும்போது மட்டும் நான் இன்னும் வண்டியை மெதுவாக்கிப் பார்க்கிறேன். போன வாரம்கூட அங்கே ஒரு சாக்கு கிடந்தது. நல்லவேளை, காலிச் சாக்கு.