அரையணா சிகரெட்டும் அரைப்படி நெல்லும்



உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையோரம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். "அந்தக் காலத்துல அரையணாவுக்கு ஒரு சிகரெட்டு" என்று ஒரு பெரியவர் தொடங்குவார். இன்னொருவர் சார்மினார் பாக்கெட்டின் பழைய விலையைச் சொல்வார். மூன்றாமவர் சீமெண்ணெய், வெல்லம், வேட்டி என்று அடுக்கிக்கொண்டே போவார். இதைப் பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விலை குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஊர்த்தெருக்காரர்கள். அதே வயதுள்ள ஒருவரைச் சேரியில் கேட்டால், "அணாவ நாங்க எங்க பாத்தோம்" என்றுதான் பதில் வருகிறது. ஒரே ஊர், ஒரே காலம், இரண்டு நினைவுகள். புத்தகத்தில் ஏறியிருப்பது முதல் நினைவு மட்டும்தான்.

எங்கள் பாட்டன் பாட்டிகளின் கூலி காசாக வரவில்லை. கம்பாக, கேழ்வரகாக, நெல்லாக வந்தது. பாதி நாள் கூழாகவே முடிந்துவிட்டது. படியாளாக இருந்தவருக்கு ஆண்டு முழுவதற்குமான கணக்கு பண்ணைக்காரர் வாயில் இருந்தது. கடைக்குப் போக வேண்டுமென்றால் முந்தானையில் தானியத்தை முடிந்துகொண்டுதான் போக வேண்டும். களத்தில் ஒருவர் அளந்து கொடுத்ததைக் கடையில் இன்னொருவர் அளந்து வாங்குவார். கொடுக்கிற படியும் வாங்குகிற படியும் ஒன்றல்ல. உப்பும் மிளகாயும் சீமெண்ணெயும் இந்த இரண்டு அளவைகளுக்கு நடுவில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவற்றின் விலை என்ன என்று எங்கள் பாட்டியிடம் கேட்டால் அணாக் கணக்கில் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எத்தனை ஆழாக்குக் கம்பு என்று சொல்வாள்.

இத்தனைக்கும் இது பணம் புழங்காத பூமி இல்லை. பேட்டை என்று பெயரிலேயே இருக்கிறது. தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரம் வரை போனது. அந்த மல்லாட்டையைக் கொத்தி, ஆய்ந்து, உடைத்த பெண்களின் கைக்கு மட்டும் காசு வரவில்லை. ஆய்ந்ததில் ஒரு பங்கை அளந்து கொடுத்து அனுப்பினார்கள்.

சரி, காசாகக் கணக்கிட்டால் அந்தக் கூலி எவ்வளவு? சுதந்திர இந்தியா இதை இரண்டு முறை எண்ணிப் பார்த்தது. 1950-51இல் நடந்த முதல் வேளாண் தொழிலாளர் விசாரணையின்படி அகில இந்திய அளவில் ஆண் ஒருவரின் சராசரி நாள்கூலி 109 காசு, பெண்ணுக்கு 68 காசு. 1956-57இல் நடந்த இரண்டாவது விசாரணையில் அது ஆணுக்கு 96 காசாகவும் பெண்ணுக்கு 59 காசாகவும் இறங்கியிருந்தது. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று முடிந்த பிறகு கூலி குறைந்திருக்கிறது! அதுவும் ஆண்டு முழுவதும் கிடைத்த கூலி அல்ல. 200 நாள் வேலைகூட இல்லை. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 437 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் இருபது காசு. அதில் நாலைந்து வயிறு. கடன்பட்ட குடும்பங்கள் நூற்றுக்கு 45 என்பதிலிருந்து 64 ஆகப் பெருகின.

பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசும் பொற்காலத்தின் நடுப்பகுதி இது. பண்டம் மலிவாக இருந்தபோது எங்கள் உழைப்பு அதைவிட மலிவாக இருந்தது. உழைப்பு மலிவாக இருந்ததால்தான் பண்டமும் மலிவாக இருந்தது என்பதே எங்கள் வாதம். பீடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டு பீடியின் விலைக்குள் இலை, தூள், நூல் போக மிச்சமிருப்பது அதைச் சுற்றியவரின் விரல்தான். அந்த விரல்களுக்கென்று நாடு தழுவிய ஒரு தொழிலாளர் சட்டம் வர 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

(போகிற போக்கில் ஒன்று. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது ஒரு அணா என்பது ஆறேகால் காசு ஆயிற்று. கால் காசுக்கு நாணயம் கிடையாது. அந்தக் கால் காசு யார் பக்கம் போயிருக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.)

கூலி குறைவாக இருந்ததைச் சந்தையின் இயல்பு என்று பொருளாதார ஆசிரியர்கள் சொல்லக்கூடும். அவர்கள் இராமநாதபுரத்தைப் பார்க்கட்டும். 1930-31இல் அங்கே ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது விதித்த தடைகளை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். செருப்பு, குடை, முழங்காலுக்குக் கீழே வேட்டி, பித்தளைக் குடம் எதுவும் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை மிராசுதார் நிலத்தில் வேலை செய்ய வேண்டும். கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. சொந்த நிலம் வைத்திருந்தால் அதை மிராசுதாருக்கு மலிவு விலையில் விற்றுவிட வேண்டும். மலிவு என்பதே அங்கே சாதியின் கட்டளையாக எழுதப்பட்டிருக்கிறது. வாங்கும் சக்தி இல்லாமல் செய்வது ஒரு பக்கம், வாங்கியதை உடுத்தவும் பயன்படுத்தவும் விடாமல் செய்வது இன்னொரு பக்கம். அரையணா கிடைத்தாலும் ஊர்க்காரர் முன்னால் சிகரெட்டைப் பற்றவைக்க முடியாது. ஆள் வருவது தெரிந்ததும் பீடியை உள்ளங்கையில் மறைத்துக் கைசுட்ட கதை எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

டீ விலையில் மட்டும் சமத்துவம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாசில் குடித்தவரும், வெளியே குந்திக் கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்துவிட்டு அதைக் கழுவி வைத்தவரும் ஒரே காசைத்தான் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட வழக்கங்களை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கிய எல். இளையபெருமாள் நம் தென்னார்க்காட்டுக்காரர்.

1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழ்நாட்டை உலுக்கியது. ஆட்சி மாறியது. சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். நகரத்து ஏழைக்கு அது பெரிய ஆறுதல். அதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த அரிசியை விளைவித்தவர்கள் கீழத்தஞ்சையில் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த ஆண்டுகளின் விலைவாசியைப் பேசுகிறவர்கள் இந்த அரைப்படியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கடைத்தெரு எங்களுக்கு எப்போதும் வெறும் கடைத்தெருவாக இருந்ததில்லை. 1978 ஜூலையில் பக்கத்து விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட கலவரமும் கடைவீதித் தகராறில் தொடங்கியதுதான். மேற்கே கல்வராயன் மலையிலோ ஜாகீர்தார்களின் பிடி 1976 வரை நீடித்தது. மலையாளி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. கூலியே இல்லாத இடத்தில் விலை மலிவு என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. சேரிக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் குடும்பத்துக்கு நாம் கொடுத்ததும் வீடு வீடாக எடுத்த சோறும், களத்தில் மிஞ்சிய தானியமும்தான். ஊர் நமக்கு அளந்த படியால் நாம் அவர்களுக்கு அளந்தோம். அந்தக் கோபம் தணிந்த பிறகாவது இந்தக் கணக்கை நாம் எழுத வேண்டும்.

வாய்மொழி வரலாறு சேகரிக்கப் புறப்படும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வித்தாளில் 'அப்போது விலை என்ன' என்று மட்டும் கேட்காதீர்கள். அது எத்தனை நாள் கூலி, கூலியை யார் அளந்தார், எதில் அளந்தார் என்றும் கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் கணக்குச் சொல்ல மாட்டார்கள். பரணில் பழைய மரப்படியோ இரும்புப் படியோ கிடந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் தண்ணீர் ஊற்றி, லிட்டர் கணக்கில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஊர்த்தெருவிலும் ஒரு படி கிடைத்தால் அதையும் அளந்து பாருங்கள்.