மூன்று கைம்பெண்கள் அளித்த பொற்கடிகாரம்

நம் பள்ளிவாசல்களின் சுவர்களில் தொங்கும் கடிகாரங்களை உற்று நோக்கினால், பெரும்பாலானவற்றின் கண்ணாடியில் 'அன்பளிப்பு' என்ற சொல்லும் அதன்கீழ் ஒரு பெயரும் எழுதப்பட்டிருக்கக் காணலாம். ஆண்டுகள் பல கழிந்தபின் அப்பெயருக்குரியவர் யார், எதனை முன்னிட்டு அதனை அளித்தார் என்பதை அறிந்தோர் அருகிவிடுகின்றனர். பொறிக்கப்பட்ட சில வரிகளின் துணையால் தன் வரலாறு முழுவதையும் இழக்காமல் காத்துக்கொண்ட ஒரு கடிகாரத்தைப் பற்றி இம்மலரில் எழுத விழைகிறோம்.

அது 18 காரட் தங்கத்தாலான சட்டைப்பைக் கடிகாரம். நியூயார்க்கின் புகழ்பெற்ற டிஃபனி நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. கார்பாத்தியா என்னும் கப்பலின் கேப்டன் ஆர்தர் ராஸ்ட்ரனுக்கு, டைட்டானிக் விபத்தில் உயிர் தப்பிய மூவர் நெஞ்சார்ந்த நன்றியுடன் வழங்கியது என்னும் செய்தி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. 1912 ஏப்ரல் 15 என்ற நாளும், திருமதி தேயர், திருமதி ஆஸ்டர், திருமதி வைடனர் என்ற பெயர்களும் உள்ளன. அம்மூவரும் அந்த ஓர் இரவில் தம் கணவரை இழந்தவர்கள் என்பது மட்டும் அதில் எழுதப்படவில்லை.

ராஸ்ட்ரன் இங்கிலாந்தின் போல்டன் நகரை அடுத்த பகுதியில் 1869இல் பிறந்தவர். கார்பாத்தியாவின் பொறுப்பை ஏற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அது பெருமைக்குரிய கப்பலும் அன்று. மணிக்கு 14 கடல் மைல் அளவில் செல்லும் நடுத்தரக் கப்பல்; நியூயார்க்கிலிருந்து ஏப்ரல் 11 அன்று புறப்பட்டு மத்தியதரைக்கடலை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதில் கம்பியில்லாத் தந்தியை இயக்கியவர் ஹெரால்டு காட்டம் என்ற 21 வயது இளைஞர் ஒருவரே. மாற்று ஆள் இல்லாததால் அவர் உறங்கச் சென்றால் கப்பலின் செவியும் உறங்கிவிடும். அன்றிரவு படுக்கச் செல்லும் வேளையிலும் வேறொரு கப்பலின் மறுமொழிக்காகக் காதில் கருவியை மாட்டியிருந்தார். கரையிலிருந்து டைட்டானிக்குக்குச் செய்திகள் காத்திருக்கின்றன என அறிவிக்கும் நல்லெண்ணத்தில் அக்கப்பலை அழைத்தார். பதிலாக வந்தது அபயக்குரல்! அவர் இன்னும் சில நிமிடங்கள் முன்னதாக உறங்கியிருந்தால் நாம் இக்கடிகாரத்தைப் பற்றி எழுத நேர்ந்திராது.

நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 12.30 மணி. கதவைத் தட்டாமல் தம் அறைக்குள் நுழைந்தவர்களைக் கண்டு முதலில் சினந்த ராஸ்ட்ரன், செய்தியைக் கேட்டதும் கப்பலைத் திருப்பும்படி ஆணையிட்டார். அதன்பின்னரே, செய்தி உறுதிதானா என வினவினார். இவ்வரிசையை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். உறுதி செய்துகொண்டு திரும்பலாம் என அவர் எண்ணவில்லை.

இடையே 58 கடல் மைல் தொலைவு என அவர் கணக்கிட்டார். பயணிகளின் அறைகளுக்குச் செல்லும் வெப்பமும் வெந்நீரும் நிறுத்தப்பட்டு, நீராவி அனைத்தும் இயந்திரங்களுக்குத் திருப்பப்பட்டது. உறங்கிக்கொண்டிருந்த நெருப்பறைத் தொழிலாளர்களும் எழுந்துவந்து கரி அள்ளிப் போட்டனர். கப்பலில் இருந்த மூன்று மருத்துவர்கள் மூன்று வகுப்புகளின் உணவுக்கூடங்களில் ஆளுக்கொருவராக நிறுத்தப்பட்டனர். போர்வைகள், சூப், தேநீர், காப்பி, ஏணிகள் ஆயத்தமாயின. ஏணியில் ஏற இயலாத குழந்தைகளைத் தூக்குவதற்குச் சாம்பல் அள்ளும் கித்தான் பைகளும் எடுத்துவைக்கப்பட்டன. குழந்தைகளைக்கூட நினைவில் வைத்த அந்த ஆணைகளைப் படிக்கையில், ஆபத்தான வேளையில் மனிதனின் அறிவு எவ்வளவு தெளிவாக இயங்க இயலும் என வியக்கிறோம்.

பனிப்பாறைகளுக்கிடையே இருளில் கப்பல் விரைந்தது. மணிக்கு 17 கடல் மைல் வேகத்தை எட்டியதாகக் கூறுவது வழக்கம். 1985இல் டைட்டானிக்கின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டபோது, அக்கப்பல் அறிவித்த இடத்திற்கு ஏறத்தாழ 13 கடல் மைல் அப்பால் அது கிடந்தது தெரியவந்தது. ஆகவே கார்பாத்தியா கடந்த தொலைவு சற்றுக் குறைவு, வேகமும் அவ்வாறே. இதனால் ராஸ்ட்ரனின் சிறப்பு குறைந்துவிடாது. தாம் கடந்துவந்த பனிப்பாறைகளைப் பகல் வெளிச்சத்தில் கண்டு நடுங்கியதாகவும், தம் கையன்றி வேறொரு கரமே அன்றிரவு சுக்கானைப் பிடித்திருந்தது எனக் கருதியதாகவும் அவர் பின்னாளில் கூறியுள்ளார்.

அதிகாலை 4 மணிக்குச் சென்று சேர்ந்தபோது டைட்டானிக் மூழ்கி ஒன்றரை மணி நேரத்திற்கு மேலாகிவிட்டது. படகுகளிலிருந்து மீட்கப்பட்டோர் 705 பேர் என அவர் கணக்கிட்டார். 712 என்போரும் உளர். மாண்டோர் ஏறத்தாழ 1,500 பேர்.

கடிகாரத்தில் பெயர் கொண்ட மூவரும் நான்காம் எண் படகில் இருந்தவர்கள். மேடலின் ஆஸ்டருக்கு வயது 18, கருவுற்றிருந்தார். மனைவியுடன் தாமும் வரலாமா எனக் கேட்ட ஜான் ஜேக்கப் ஆஸ்டர், கப்பலிலேயே மிகப் பெரிய செல்வந்தர். மகளிர்க்கே இடம் என அதிகாரி மறுக்கவே ஒதுங்கி நின்றார். மரியன் தேயரின் கணவர் மாண்டார். 17 வயது மகன் கடலில் குதித்துக் கவிழ்ந்த படகொன்றைப் பற்றிப் பிழைத்தான். தாயும் மகனும் கார்பாத்தியாவில்தான் ஒருவரையொருவர் கண்டனர். எலினார் வைடனருக்கு அந்த ஆறுதலும் இல்லை. கணவர் ஜார்ஜ், மகன் ஹாரி இருவரையும் இழந்தார். நூல் சேகரிப்பில் பெருவிருப்பம் கொண்டிருந்த அம்மகனின் நினைவாக அவர் எழுப்பியதே, 1915இல் திறக்கப்பட்ட ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வைடனர் நூலகம்.

நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் இருந்த ஆஸ்டர் மாளிகையில் ராஸ்ட்ரனுக்கு விருந்தளித்து இக்கடிகாரத்தை வழங்கினர். உயிர் தப்பியோர் குழு அவருக்கு வெள்ளிக் கிண்ணத்தையும், கப்பல் பணியாளர்களுக்குப் பதக்கங்களையும் அளித்தது. அமெரிக்கக் காங்கிரசின் தங்கப் பதக்கத்தை 1913 மார்ச்சில் குடியரசுத் தலைவர் டாஃப்ட் வழங்கினார். 1926இல் சர் பட்டமும் வந்தது. மூன்றாம் வகுப்பில் ஏறி, உடுத்திய துணியுடன் கரை சேர்ந்த ஏழைகளிடம் கொடுக்கப் பொன் இல்லை. அவர்களின் நன்றி எக்கடிகாரத்திலும் பொறிக்கப்படாமல் போயிற்று. கரி அள்ளியவர்களின் பெயர்களும் அவ்வாறே.

கார்பாத்தியா 1918 ஜூலை 17 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கியின் தாக்குதலால் மூழ்கியது; அப்போது ராஸ்ட்ரன் அதில் இல்லை. அவர் 1940இல் மறைந்தார்.

2024 நவம்பரில் இங்கிலாந்தின் ஹென்றி ஆல்ட்ரிட்ஜ் ஏல நிறுவனத்தில் இக்கடிகாரம் 15 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டுக்கு விலைபோயிற்று. டைட்டானிக் தொடர்பான பொருள்களுள் அதுவரை எதுவும் அத்தொகையை எட்டியதில்லை. 2025 நவம்பரில், அதே விபத்தில் மாண்ட ஐசிடார் ஸ்ட்ராஸின் பொற்கடிகாரம் 17 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டுக்கு விற்று அதனை விஞ்சியது. அதுவும் ஓர் அன்பளிப்பே. 1888இல் கணவரின் பிறந்தநாளுக்கு மனைவி ஐடா அளித்தது. படகில் இடம் கிடைத்தும் கணவரைப் பிரிய மறுத்து அவருடனே மாண்டவர் ஐடா.

ஆஸ்டரின் சடலத்தில் கிடைத்த அவருடைய சொந்தக் கடிகாரத்தை அவர் மகன் வின்சென்ட் பழுதுநீக்கி அணிந்துவந்தார். அதுவும் 2024 ஏப்ரலில் இதே ஏல நிறுவனத்தில்தான் விற்பனையாயிற்று. கணவர் அணிந்திருந்ததும், அவரை இழந்த மனைவி நன்றியாகக் கொடுத்ததும் ஏழு மாத இடைவெளியில் ஒரே கூடத்தில் கைமாறின.