முதற் பொருத்தமும் இறுதிப் பொருத்தமும்

திறந்த மூல மென்பொருள் உலகில் இரு தீயரண்கள் 2001 இல் வெளியாயின. ஜனவரியில், ரஸ்டி ரசல் தொடக்கிவைத்த ஐபிடேபிள்ஸ் லினக்ஸ் 2.4 உடன் வந்தது. மே மாதத்தில், உரிமத் தகராறினால் டரன் ரீடின் ஐபிஃபில்டரை ஓப்பன்பிஎஸ்டி நீக்கியது. வெற்றிடத்தை நிரப்ப டானியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப் டிசம்பரில் வந்தது.

தரவுப் பொதி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றே இரண்டும் முதலில் வினவும். வேறுபாடு தீர்ப்பில். விதிப்பட்டியலில் முதலில் பொருந்தும் அனுமதியோ மறுப்போ ஐபிடேபிள்ஸுக்கு முடிவு. பிஎஃப் பட்டியலை இறுதிவரை வாசித்து, கடைசியாகப் பொருந்தியதை ஏற்கும். 'குயிக்' என்று குறித்த விதி மட்டும் விலக்கு.

போர்க்கால வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழ்ந்தவருக்கு முதல் முறையை விளக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையின் முகவரியே முதல் விதி. 2007 ஜூன் 7 இல் கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு, வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். பட்டியலின் கீழே இன்னொரு விதி இருந்தது: மறுநாளே நாட்டின் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அதே மாதம் தமிழ்நெற் இணையத்தளமும் இலங்கையில் மறிக்கப்பட்டது. அத்தடை நீங்க 2015 ஆட்சி மாற்றம் வரை காத்திருக்க நேர்ந்தது.