செல்போன் டவர் செயலிழந்தாலும் பேசலாம்... ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்குவது எப்படி? எவ்வளவு செலவாகும்?

2004 டிசம்பர் மாதம். உலகம் முழுக்க உள்ள ஹாம் ரேடியோ ஆர்வலர்களுடன் பேசுவதற்காக அந்தமானின் போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் நிலையம் அமைத்திருந்தார் பாரதி பிரசாத். 26ஆம் தேதி சுனாமி அடித்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்த செட்தான், அதன்பிறகு தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையே தகவல் கடத்தியது.

காரணம் சிம்பிள். செல்போன் பேச டவர் வேண்டும், டவருக்கு கரண்ட் வேண்டும். ஹாம் ரேடியோவுக்கு ஒரு செட், ஒரு கார் பேட்டரி, ஒரு ஒயர் போதும்.

யார் ஹாம் ஆகலாம்?

12 வயது நிரம்பிய இந்தியர் யாராக இருந்தாலும் தேர்வு எழுதலாம். இன்ஜினியரிங் எல்லாம் படித்திருக்க வேண்டாம். அடிப்படை மின்னணுவியல், வானொலி விதிமுறைகள் - இந்த இரண்டில் இருந்துதான் கேள்விகள். தேர்வு, லைசென்ஸ் இரண்டுமே மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வருகின்றன. விண்ணப்பிக்க 'சரள் சஞ்சார்' இணையதளம் உள்ளது.

ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டு கிரேடுகள். ஜெனரலுக்கு மோர்ஸ் கோடு தெரிய வேண்டும், ரெஸ்ட்ரிக்டடுக்கு தேவையில்லை. அதனால் புதியவர்கள் பெரும்பாலும் ரெஸ்ட்ரிக்டடில்தான் தொடங்குகிறார்கள். இவர்களின் அழைப்புக் குறியீடு வி.யு.3 என்று தொடங்கும். ஜெனரல் என்றால் வி.யு.2. மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியின் குறியீடு வி.யு.2 ஆர்.ஜி.

லைசென்ஸை 20 ஆண்டுக்கோ, ஆயுள் முழுவதற்குமோ வாங்கலாம். கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். பாதுகாப்பு சரிபார்ப்பு இருப்பதால் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். பொறுமை முக்கியம்!

முதலில் செட் வாங்கிவிடலாமா?

கூடாது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு வாக்கி டாக்கி கிடைக்கிறதே என்று ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். லைசென்ஸ் விவரங்களைச் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக 2025 மே மாதம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள ரிசீவரை 'வெப்எஸ்டிஆர்' மூலம் உங்கள் செல்போனிலேயே இயக்கிக் கேட்கலாம், இலவசம்தான். 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினால், "விக்டர் யூனிஃபார்ம்" என்று தொடங்கும் இந்தியக் குரல்கூட சில நேரம் காதில் விழும். ஹாம்கள் எப்படிப் பேச ஆரம்பிக்கிறார்கள், எப்படி முடிக்கிறார்கள் என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக முடியும்.

குறைந்த செலவில் நிலையம்

ஊருக்குள், பக்கத்து ஊர்களுடன் பேச ஒரு கையடக்க செட் போதும். மலை மீது ஹாம்கள் அமைத்துள்ள ரிப்பீட்டர் எட்டினால் இன்னும் தூரம் போகும்.

வெளிமாநிலம், வெளிநாடு என்றால் 'எச்எஃப்' செட் வேண்டும். புதிய பிராண்டட் செட் விலை லட்சத்தைத் தொடும் என்பதால் பலர் இங்கேயே பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இதற்கு நம்மூர் தீர்வே இருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' செட்டை, சாதாரண உதிரி பாகங்களை வைத்து வீட்டிலேயே சால்டர் செய்யலாம். காயில் சுற்றுவதற்கு அவர் சொன்ன பொருள் என்ன தெரியுமா? தண்ணீர்க் குழாய் வாஷர்! இந்த வடிவமைப்பைப் பார்த்து பல நாட்டு ஹாம்கள் செட் செய்திருக்கிறார்கள். இல்லையென்றால், சீனியர் ஹாம்களிடம் பழைய செட் விசாரிக்கலாம்.

பணத்தை விட மெனக்கெட வேண்டியது ஆன்டெனாவில்தான். லட்ச ரூபாய் செட்டும் மோசமான ஆன்டெனாவில் திணறும். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஒயரின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 20 மீட்டர். அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராக மொட்டை மாடியில் கட்டினால் 'டைபோல்' ரெடி. கொஞ்சம் நீளமாகவே விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்து நறுக்குங்கள். கேபிள் வாங்கும்போது 50 ஓம், ஆர்ஜி-58 என்று கேளுங்கள். வீட்டு டிவி கேபிள் 75 ஓம்.

மின்கம்பி போகும் பக்கம் ஒயரைக் கட்டவே கூடாது. இடி இடிக்கும் முன்பே கேபிளை செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள்.